சதுர மானிட்டர்

டிடிபி வேலை பார்ப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், 19 அங்குல சதுர மானிட்டரின் அருமையைச் சொல்வார்கள். சதுரம் என்பது சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவின் வழக்கு. உண்மையில் அகலம் ஐந்து பங்கு, உயரம் நான்கு பங்கு. உயரத்தை ஸ்கேல் வைத்து அளந்தால் 30 சென்டிமீட்டர் வரும். ஏ4 தாளின் உயரம் 29.7. அதாவது ஒரு முழுத் தாளை, அச்சில் எந்த அளவில் வருமோ அதே அளவில், திரையில் நிறுத்திவிடலாம். இன்று எல்லாக் கடையிலும் இருக்கிற அகல மானிட்டரில் இந்த உயரம் வேண்டுமென்றால் 24 அங்குலம் வாங்க வேண்டும்.

என் கடை திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, யூனியன் நோட்டீஸ், சீட்டுக் கம்பெனி பில் புக் என்று எது வந்தாலும் செய்வோம். மாசி மாதம் தியாகராஜ சுவாமி கோயில் பெருவிழா நெருங்கினால் உபயதாரர் நோட்டீஸ்கள் வரும். வருகிறவர்களில் பாதிப் பேர் போன வருஷத்து நோட்டீஸை நாலாக மடித்துச் சட்டைப் பையில் கொண்டுவந்து, "இதே மாதிரி, தேதிய மட்டும் மாத்திக் குடுங்க" என்பார்கள். அதை வாங்கி மானிட்டர் மேலேயே வைத்துப் பிடித்துக்கொள்வேன். திரை வெளிச்சத்தில் தாளில் இருக்கிற எழுத்தும் உள்ளே இருக்கிற எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்த ஒரு பெரியவர்கூட, "எங்கப்பா பேரு ஒரு விரக்கடை கீழ எறங்கிட்டுது பாரு" என்று கண்டுபிடித்துச் சொன்னார். இறங்கித்தான் இருந்தது.

இதனால்தான் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியபோது பழைய மானிட்டரை விட மனம் வரவில்லை. காசு மிச்சம் பிடிக்கிற யோசனை அதில் இல்லை. வேலை பார்க்கப் புதிதாக 22 அங்குலம் ஒன்றும் கூடவே வாங்கினேன். பழையது பக்கத்தில் நின்று பக்கத்தை முழுசாகக் காட்டினால் போதும். ஆனால் அதை அந்தப் புதுப் பெட்டியோடு சேர்த்துவைத்த கதையைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது 1998இல், ராயபுரம் கல்மண்டபம் பக்கம் ஒரு சின்ன அச்சகத்தில். உள்ளே மினி ஆஃப்செட் ஓடும். வாசல் பக்கம் மர மேஜையில் கம்ப்யூட்டர். 15 அங்குல மானிட்டர், அந்தக் காலத்துக் கண்ணாடிக் குழாய். தூக்கி வைக்க இரண்டு கை போதாது, வயிற்றையும் முட்டுக் கொடுக்க வேண்டும். காலையில் வந்ததும் முதல் வேலை திரையைத் துடைப்பது. குழாய்க்குள் 20 ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் ஓடுவதால் கண்ணாடியின் முகத்தில் மின்னூட்டம் ஏறி, காற்றில் இருக்கிற தூசியையெல்லாம் இழுத்துக்கொள்ளும். ராயபுரத்துக் காற்றில் அப்போது இருந்தது சாதாரணத் தூசி இல்லை. துறைமுகத்தில் இறங்கிய நிலக்கரியின் தூள். வெள்ளைத் துணியில் ஒரு இழுப்பு இழுத்தால் துணி கறுத்துவிடும். மாடியில் காயப்போட்ட துணி, தொட்டித் தண்ணீர், பிள்ளைகளின் மூக்கு எல்லாம் அதே நிறம். பல வருஷம் மக்கள் கத்திய பிறகு, உயர் நீதிமன்ற உத்தரவால் 2011 அக்டோபரோடு சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்றது. கரி எண்ணூர்ப் பக்கம் போனது. ராயபுரம் துணி வெளுத்தது, அந்தப் பக்கத்துத் துணி கறுத்தது. இதை ஒரு வெற்றி என்று என்னால் முழு மனசாகச் சொல்ல முடிந்ததில்லை.

அந்த மானிட்டரின் கேபிள் முனையில் இருந்தது விஜிஏ பின். நீல நிறத் தலை, இரண்டு பக்கமும் கையால் திருகுகிற திருகாணி, உள்ளே மூன்று வரிசையில் 15 ஊசிகள். அதைப் பற்றி நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு மே தினப் போஸ்டர் சொல்லிக்கொடுத்தது. எண்ணூர் நெடுஞ்சாலையில் அப்போது தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை சங்கம் உண்டு. அப்படி ஒரு சங்கத்துத் தோழர் இரண்டு கலர் போஸ்டருக்கு மேட்டர் கொடுத்திருந்தார். மாலை ஷிஃப்ட் முடிந்து புரூஃப் பார்க்க வந்தவர், திரையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இன்னா தம்பி, கறுப்புக் கொடி போட்டு வெச்சிருக்க? துக்கமா நடத்துறோம்?"

நான் போட்டது சிவப்புக் கொடிதான். திரையில் அட்டைக்கறுப்பாகப் பறந்துகொண்டிருந்தது. வெள்ளையாக இருக்க வேண்டிய பின்னணி ஒரு மாதிரி நீலப்பச்சையாகத் தெரிந்தது. முதலாளி மானிட்டர் தலையில் இரண்டு தட்டு தட்டினார். கொடி ஒரு நொடி சிவந்து மறுபடி கறுத்தது. காசிமேட்டில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்த அண்ணன் ஒருவரைக் கூப்பிட்டு அனுப்பினோம். அவர் மானிட்டரைத் தொடவே இல்லை. கேபிளைக் கழற்றி, முனையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முதல் ஊசியின் வேர் பச்சை பூத்திருந்தது.

"முதல் ஊசி சிவப்பு, ரெண்டாவது பச்சை, மூணாவது நீலம். சிவப்பு வர்ற வழி அடைஞ்சுபோச்சு, அவ்ளோதான். கடக்காத்துபா. எங்க ஏரியால பித்தள எதுவும் நிக்காது."

பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷில் எதையோ தொட்டுத் தேய்த்தார். கொடி சிவந்தது. தோழர் அவருக்கும் சேர்த்து டீ சொன்னார்.

சொந்தக் கடை வைத்து திருவொற்றியூர் வந்த பிறகும் கண்ணாடிக் குழாய்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதை மாற்ற வைத்தது மின்வெட்டு. 2012இல் சென்னையில் தினமும் இரண்டு மணி நேரம் முறைபோட்டு நிறுத்துவார்கள். ஊர்ப்பக்கம் இன்னும் மோசம், நாளில் பாதிக்கு மேல் இருக்காது என்று வருகிறவர்கள் சொல்வார்கள். எங்களுக்கு வேறு ஒரு எரிச்சல். வடக்கே பார்த்தால் எண்ணூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி, 450 மெகாவாட் என்று பெயர். அதற்கு மேலே அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம். சாம்பல் எங்களுக்கு, கரண்ட் யாருக்கோ. என் யூபிஎஸ்ஸில் பழைய மானிட்டர் ஒன்றே 80 வாட் குடித்தது. ஃபைலை சேவ் செய்து மூடுவதற்குள் பீப் அடித்துவிடும். அப்போதுதான் ரிச்சி தெருவில், ஐடி கம்பெனிகள் கழித்துப் போட்ட எல்சிடி மானிட்டர்கள் அடுக்கடுக்காக விலைக்கு வந்தன. அதில் ஒன்று இந்த சதுர 19. குழாய் தின்றதில் பாதி கரண்ட்கூட இதற்குத் தேவைப்படவில்லை. மின்வெட்டில் ஒரு பத்திரிகையை முடித்தே கொடுத்துவிடலாம் என்றானது.

எண்ணூர் அனல்மின் நிலையத்தை 2017இல் மூடிவிட்டார்கள். மானிட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

மாற்ற வேண்டி வந்தது கம்ப்யூட்டரைத்தான். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14உடன் வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுபோனது. என் பழைய பெட்டியில் விண்டோஸ் 11 ஏறாது. பிராசசர் பழசு, அது கேட்கிற பாதுகாப்புச் சிப்பும் இல்லை. வாடிக்கையாளர்களின் ஆதார் நகலும் போட்டோவும் கிடக்கிற மெஷினை அப்படியே விட முடியாது. புதிதாக அசெம்பிள் செய்து வாங்கினேன். கொண்டுவந்து பின்பக்கத்தைத் திருப்பினால் ஒரு எச்டிஎம்ஐ, ஒரு டிஸ்பிளேபோர்ட். நீலத் துளை இல்லை. மானிட்டரின் முதுகிலோ நீலத் துளை ஒன்றுதான். டிவிஐ என்கிற வெள்ளைத் துளை இருந்திருந்தால் பிரச்சினையே இல்லை, எச்டிஎம்ஐயிலிருந்து டிவிஐக்குச் சாதாரணக் கேபிளே போதும். என்னுடையது மலிவு மாடல், அதில் கொடுக்கவில்லை.

எண்ணூரில் கன்டெய்னர் யார்டு ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிற என் அண்ணன் மகன் வந்து பார்த்தான். "சித்தப்பா, விஜிஏவெல்லாம் எப்பவோ போச்சு. தூக்கிப் போட்டுட்டு இன்னொரு புது மானிட்டர் வாங்குங்க."

எப்பவோ போச்சு என்பது சரிதான். ஐபிஎம் நிறுவனம் 1987இல் பிஎஸ்/2 கம்ப்யூட்டர்களோடு கொண்டுவந்த ஏற்பாடு அது. 2010 டிசம்பரில் இன்டெல், ஏஎம்டி, சில மானிட்டர் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து, 2015க்குள் இதை விட்டுவிடப்போகிறோம் என்று அறிவித்தார்கள். சொன்னபடியே 2015இல் வந்த இன்டெல் பிராசசர்களிலிருந்து விஜிஏ நேரடியாக வருவது நின்றது. அதற்குப் பிறகும் பல மதர்போர்டுகளில் நீலத் துளையைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் போர்டிலேயே ஒரு மாற்றுச் சிப் வைத்துச் சமாளித்திருந்தார்கள். இப்போது அந்தச் சிப்பையும் பலர் வைப்பதில்லை. ஆக, கண்ணாடி நன்றாக இருக்கிறது, விளக்கு எரிகிறது, எழுத்து தெரிகிறது, துளை மட்டும் மாறிவிட்டது. இதற்காக ஒரு பொருளைக் குப்பையில் போடச் சொன்னால் எனக்கு ஏறாது.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவனே ஆன்லைனில் ஒரு கேபிள் வரவழைத்தான். ஒரு முனை எச்டிஎம்ஐ, மறுமுனை நீலத் தலை. நடுவில் ஒன்றும் இல்லை, வெறும் கயிறு. மாட்டினால் 'சிக்னல் கேபிளைச் சரிபார்' என்கிற ஆங்கில வாசகம் திரையில் மூலைக்கு மூலை மிதந்தது. அந்தக் காசிமேட்டு அண்ணனுக்கு இப்போது வயதாகிவிட்டது. கடையை மகன் மொபைல் சர்வீஸாக மாற்றிவிட்டார். ஆனாலும் சாயங்காலம் ஸ்டூல் போட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். கேபிளைக் காட்டினேன். கையில் எடைபோட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது வெறும் ஒயர் தம்பி. கம்ப்யூட்டர்ல இருந்து நம்பரா வருது. உன் மானிட்டருக்கு வோல்ட்டா போவணும். நடுவுல யாரு மாத்துறது?"

இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. விஜிஏவில் ஒவ்வொரு நிறமும் 0 முதல் 0.7 வோல்ட்வரை ஏறி இறங்குகிற மின்னழுத்தம். சிவப்பு முழுசாக வேண்டுமென்றால் 0.7, பாதி வேண்டுமென்றால் அதில் பாதி. எச்டிஎம்ஐயில் வருவது ஒன்றும் சைபருமான எண்கள். எண்ணை வோல்ட்டாக மாற்ற நடுவில் சிப் வேண்டும். சிப் இல்லாத அந்தக் கேபிளை எதற்கு விற்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. இந்த மாதிரிக் கம்ப்யூட்டருக்கும் மானிட்டருக்கும் நடுவில் அது எந்தக் காலத்திலும் படம் காட்டாது.

தேரடியில் மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டத்தில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்துவிடலாம். மெட்ரோ வருவதற்கு முன்னால் இதே பயணத்துக்கு, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் பஸ்ஸில் ஊர்ந்து அரை நாள் போய்விடும். சிப் வைத்த எச்டிஎம்ஐ கன்வர்ட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைத்தது. புது மானிட்டரை டிஸ்பிளேபோர்ட்டில் மாட்டிவிட்டு இதை எச்டிஎம்ஐயில் செருகினேன். படம் வந்தது. அரை மணி கழித்துத் திரை கறுத்துத் திரும்ப வந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி கறுத்தது. கன்வர்ட்டரைத் தொட்டால் விரல் வைக்க முடியவில்லை.

காசிமேட்டு அண்ணன் இம்முறை கடைக்கே வந்தார். தொட்டுப் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி: "இதுக்குச் சோறு யாரு போடுறா?" சிப் ஓடக் கரண்ட் வேண்டும். எச்டிஎம்ஐ துளையில் 5 வோல்ட் வரும், ஆனால் குறைந்தது 55 மில்லிஆம்பியர் கொடுத்தால் போதும் என்பதுதான் அதற்கான விதி. டிஸ்பிளேபோர்ட்டில் 3.3 வோல்ட்டில் 500 மில்லிஆம்பியர்வரை வரும். பக்கவாட்டில் யூஎஸ்பி கரண்ட் எடுக்கிற எச்டிஎம்ஐ கன்வர்ட்டரும் விற்கிறார்கள். அதைவிட எளிய வழி இடத்தை மாற்றுவது. புது மானிட்டர் எச்டிஎம்ஐக்குப் போனது, அதற்குக் கன்வர்ட்டர் தேவையில்லை. பழையதற்கு டிஸ்பிளேபோர்ட்டிலிருந்து விஜிஏவுக்கு மாற்றுகிற கன்வர்ட்டர் வாங்கி வந்தேன். கறுப்பது அத்தோடு நின்றது.

படம் நிலைத்ததே தவிர எழுத்து சரியில்லை. இதைத்தான் நான் பெரிய குறையாக நினைத்தேன். செட்டிங்ஸில் 1024க்கு 768 என்பதற்கு மேல் போக மறுத்தது. இந்த மானிட்டரின் கண்ணாடியில் இருப்பது 1280க்கு 1024 புள்ளிகள். குறைந்த எண்ணிக்கையை இழுத்து நிரப்பும்போது ஒரு புள்ளி அகலவாக்கில் ஒன்றேகால் புள்ளியாகப் பரவ வேண்டும். ஒன்றேகால் என்று கண்ணாடியில் கிடையாது, பக்கத்துப் புள்ளி பாதி வெளிச்சம் வாங்கிக்கொள்ளும். ஆங்கில எழுத்துக்கு அது ஓரளவு தாங்கும். தமிழில் மெய்யெழுத்தின் தலைப்புள்ளி முதலில் போய்விடும். ஒன்பது பாயிண்டில் 'க்' எது, 'க' எது என்று தெரியவில்லை. புரூஃப் பார்க்கவென்று வைத்த திரையில் புள்ளி தெரியாவிட்டால் அந்தத் திரை எதற்கு?

இதற்குக் காரணம் மறுபடி ஊசிதான். மானிட்டர் தன்னைப் பற்றிய விவரத்தை, எந்தக் கம்பெனி, என்ன மாடல், எத்தனை புள்ளி தாங்கும் என்பதை, 128 பைட்டுகளில் எழுதி வைத்திருக்கும். கம்ப்யூட்டர் முதலில் அந்த ஜாதகத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் எந்த அளவில் படம் அனுப்புவது என்று முடிவு செய்யும். அது போகிற வழி 12ஆம் ஊசியும் 15ஆம் ஊசியும். என் கேபிளில் அந்தக் கடைசி வரிசை முழுக்கப் பச்சை. 13ஆம் 14ஆம் ஊசிகள், அதாவது வரியையும் திரையையும் எங்கே தொடங்குவது என்று சொல்கிறவை, எப்படியோ தப்பிப் பிழைத்திருந்தன. அதனால் படம் வந்தது, விவரம் போகவில்லை. விவரம் தெரியாத கம்ப்யூட்டர் எதற்கும் இருக்கட்டும் என்று சின்ன அளவில் அனுப்பிக்கொண்டிருந்தது.

கேபிளைத் தூக்கிப் போட்டோம். மானிட்டரின் முதுகுத் துளையை அண்ணன் ஸ்ப்ரே அடித்துச் சுத்தம் செய்தார். புதுக் கேபிள் வாங்கும்போது கடையிலேயே ஊசியை எண்ணச் சொன்னார். 9ஆம் ஊசி பல கேபிள்களில் இருக்காது, அது பரவாயில்லை. 12, 15 இல்லாத மட்டமான கேபிளும் விற்பனையில் உண்டு, அதை வாங்கக் கூடாது. கடைப் பையன் எங்களை விசித்திரமாகப் பார்த்தான், ஆனாலும் பிரித்துக் காட்டினான்.

மாட்டியதும் 1280க்கு 1024 பட்டியலில் தானாக வந்து உட்கார்ந்தது. அப்போதும் செங்குத்துக் கோடுகளின் ஓரத்தில் ஒரு நடுக்கம். மானிட்டரில் 'ஆட்டோ' என்று ஒரு பொத்தான் இருக்கும், பலர் அதை ஆயுசுக்கும் தொட்டிருக்க மாட்டார்கள். வோல்ட்டாக வருகிற படத்தை மானிட்டர் திரும்பவும் புள்ளியாக வெட்டிக்கொள்ள வேண்டும். இந்த அளவில் திரையில் தெரிகிறவை மட்டும் நொடிக்கு ஏழு கோடியே எண்பத்தாறு லட்சம் புள்ளி. வெட்டுகிற நேரம் துளி தவறினாலும் எழுத்தின் ஓரம் ஆடும். பொத்தானை அமுக்கினால் மானிட்டர் தானே பார்த்து நேரத்தைச் சரி செய்துகொள்ளும். அதை அமுக்கும்போது திரை முழுக்க எழுத்து நிறைந்த வெள்ளைப் பக்கம் ஒன்று திறந்திருக்க வேண்டும். கறுப்புத் திரையில் அமுக்கினால் ஓரம் எது என்று அதற்குத் தெரியாது. நான் போன மாசிக்குச் செய்த கோயில் நோட்டீஸைத் திறந்து வைத்து அமுக்கினேன். படம் ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. 'ஸ்ரீ வடிவுடையம்மன்' என்பதில் ஒரு 'ம்', ஒரு 'ன்', இரண்டின் புள்ளியும் தனித்தனியாகத் தெரிந்தன.

அண்ணன் தாளைத் திரைமேல் வைத்துப் பார்த்தார். அளவு சரியாக உட்கார்ந்தது. கூலி கேட்டதற்கு, பேரனின் காது குத்து வருகிறது, பத்திரிகை அடித்துக் கொடு என்றார். கொடுத்தேன்.

தன் யார்டில் இதே மாதிரி மானிட்டர்கள் ஒரு அறை நிறையக் கிடப்பதாக என் அண்ணன் மகன் பிறகு சொன்னான். கேட் வழியாக வருகிற லாரி, கன்டெய்னர் நம்பரைப் பதிவு செய்ய அதுவே போதும், ஆனால் புதுப் பெட்டியில் மாட்டத் துளை இல்லை என்று ஓரம் கட்டிவிட்டார்கள். இந்த எல்சிடிகளில் பின்வெளிச்சம் தருவது பாதரசம் அடைத்த மெல்லிய குழல் விளக்கு. காயலான் கடையில் சம்மட்டியால் உடைத்துச் செம்பைப் பிரிக்கும்போது அந்தப் பாதரசம் எங்கள் காற்றில்தான் கலக்கும். எங்கள் காற்றில் ஏற்கெனவே கலந்திருப்பது போதும்.

உங்கள் வீட்டுப் பரணிலோ ஆபீஸ் மூலையிலோ ஒரு சதுர மானிட்டர் தூங்கினால், போடுவதற்கு முன் அதன் முதுகை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். வெள்ளைத் துளை இருந்தால் ஒரு சாதாரணக் கேபிளில் வேலை முடிந்தது. நீலம் மட்டும் இருந்தால், கம்ப்யூட்டரில் டிஸ்பிளேபோர்ட் காலியாக இருக்கிறதா பாருங்கள், சிப் உள்ள கன்வர்ட்டரைக் கேட்டு வாங்குங்கள், கேபிளின் ஊசியை எண்ணுங்கள். அதன் பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் காயலான் கடைக்குப் போடாமல், தெரிந்த டிடிபி கடைக்காரர் யாரையாவது கேளுங்கள். 19 அங்குலமாக இருந்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.